அம்மாவுக்கு மெடிகெய்டு வாங்கப் பதின்மூன்று மாதம் அலைந்த கதை

2023 அக்டோபர், நவராத்திரி முடிந்த மறுநாள். கொலுப் படிகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். குளியலறையில் ஏதோ சரிந்த சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் அம்மா தரையில், குழாயைப் பிடித்தபடியே உட்கார்ந்திருக்கிறார். "ஒண்ணுமில்லடி, காலு வழுக்கிடுச்சு" என்கிறார், ஆனால் எழ முடியவில்லை. இடுப்பு எலும்பில் மயிரிழை விரிசல். அறுவை சிகிச்சை தேவையில்லை, ஆனால் இனி தனியாக நடக்கவோ குளிக்கவோ விடக்கூடாது என்றார்கள். அம்மாவுக்கு அப்போது 79 வயது. ஞாபக மறதியும் லேசாகத் தொடங்கியிருந்தது. நானும் கணவரும் நியூ ஜெர்சியில் வேலைக்குப் போகிறவர்கள், தம்பி சென்னையில். அடுத்த பதினெட்டு மாதத்தில் நான் கற்றுக்கொண்டதில் பாதியை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் ஏறத்தாழ இருபத்தைந்தாயிரம் டாலரும் நிறையக் கண்ணீரும் மிச்சமாகியிருக்கும். வயதான அப்பா அம்மாவோடு அமெரிக்காவில் இருப்பவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

முதல் அடி மருத்துவமனையிலேயே விழுந்தது. அம்மா நான்கு இரவுகள் அங்கே இருந்தார். கட்டில், கையில் ஊசி, வாசலில் பெயர்ப்பலகை எல்லாம் இருந்தன. பிறகு உடற்பயிற்சி சிகிச்சைக்காக ஒரு ரீஹேப் மையத்துக்கு அனுப்பினார்கள். முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இருக்கிறதே, முதல் இருபது நாள் முழுச் செலவும் அதுவே கொடுக்கும் என்று நிம்மதியாக இருந்தேன். பதினெட்டு நாள் கழித்து 7,560 டாலருக்கு பில் வந்தது. விசாரித்தால், அந்த நான்கு இரவும் அம்மா 'அப்சர்வேஷன்' (வெறும் கண்காணிப்பு) கணக்கில்தான் இருந்தாராம், உள்நோயாளியாகச் சேர்க்கவே இல்லையாம். வழக்கமான மெடிகேரில் மூன்று நாளாவது முறையான உள்நோயாளியாக இருந்தால்தான் ரீஹேப் செலவு கிடைக்கும், அப்சர்வேஷன் நாட்கள் அதில் சேராது. அதைச் சொல்லும் தாளில் இரண்டாம் நாளே என் கையெழுத்தை வாங்கியிருக்கிறார்கள். நான் படிக்காமல் போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது மருத்துவமனையில் இருந்தால் தினமும் காலையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இவர் உள்நோயாளியா, அப்சர்வேஷனா?" என்பதுதான். அப்சர்வேஷன் என்றால் மாற்ற முடியுமா என்று அங்கே இருக்கும்போதே டாக்டரிடமும் கேஸ் மேனேஜரிடமும் பேசுங்கள். வீட்டுக்கு வந்தபின் பேசிப் பெரிதாகப் பயனில்லை.

அம்மா வீட்டுக்கு வந்ததும் ஒரு ஏஜென்சி மூலம் எய்டு, அதாவது வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் உதவியாளர் ஒருவரை வைத்தோம். மணிக்கு 32 டாலர், வாரம் இருபது மணி நேரம், அதாவது வாரத்துக்கு 640. மீதி நேரம் நான் வீட்டிலிருந்து வேலை செய்தேன். இதையெல்லாம் மெடிகேர் கொடுக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கொடுக்காது. நர்ஸ், பிசியோதெரபி போன்றவற்றைக் கொஞ்ச காலம் கொடுக்கும். குளிப்பாட்ட, உடை மாற்ற, சாப்பாடு கொடுக்க, பக்கத்தில் இருக்க என்று நாள் கணக்கில் ஆள் வேண்டுமென்றால் அது மெடிகேரின் வேலையே இல்லை. அதைச் செய்வது மெடிகெய்டு, வருமானமும் சொத்தும் குறைவாக இருப்பவர்களுக்கான அரசுத் திட்டம். பெயர் ஒரே மாதிரி இருப்பதால் நானே ஐந்து மாதம் இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தேன். பகல்நேர முதியோர் மையத்தில் அம்மாவைச் சேர்க்க விசாரிக்கப் போனபோது, வரவேற்பில் இருந்த குஜராத்திப் பெண்மணிதான் "உங்கள் அம்மாவுக்கு எம்எல்டிஎஸ்எஸ் இருக்கிறதா?" என்று கேட்டார். நியூ ஜெர்சியில் நீண்டகாலப் பராமரிப்புத் தரும் மெடிகெய்டு திட்டத்தின் பெயர் அது. அந்த வார்த்தையை வாழ்க்கையில் முதல்முறையாக அன்றுதான் கேட்டேன்.

மெடிகெய்டு 1965-இல் வந்தபோது நீண்டகாலப் பராமரிப்பு என்றால் நர்சிங் ஹோம்தான், அதாவது தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம். அதை எல்லா மாநிலமும் கட்டாயம் கொடுக்க வேண்டும். வீட்டில் வைத்துப் பார்ப்பதற்குப் பெரும்பாலும் காசு கிடையாது. அயோவாவில் கேட்டி பெக்கெட் என்ற சின்னப் பெண், மூச்சுக் கருவியோடு மருத்துவமனையில் இருந்தால் அரசு பணம் கொடுக்கும், அதைவிடக் குறைந்த செலவில் வீட்டில் இருந்தால் கொடுக்காது என்ற நிலை. 1981-இல் அது அதிபர் ரீகன் வரைக்கும் போனது. அந்த ஆண்டுதான் மாநிலங்கள் அந்த விதியிலிருந்து 'வெய்வர்' (விலக்கு) வாங்கி வீட்டிலேயே பராமரிப்புக் கொடுக்கலாம் என்று சட்டம் வந்தது. இது நமக்கு ஏன் முக்கியம் என்றால், இன்றும் நர்சிங் ஹோம் கட்டாயம், வீட்டுப் பராமரிப்பில் பெரும்பகுதி மாநிலத்தின் விருப்பம். அதனால் ஒவ்வொரு மாநிலத்திலும் பெயர் வேறு, விதி வேறு. டெக்சஸ், ஃபுளோரிடா போன்ற இடங்களில் காத்திருப்போர் பட்டியலே உண்டு. அங்கே இருப்பவர்கள் தேவை வரும் முன்பே பெயர் கொடுத்து வையுங்கள். நியூ ஜெர்சியில் 2014 ஜூலையிலிருந்து எல்லாம் எம்எல்டிஎஸ்எஸ் என்ற ஒரே திட்டத்துக்குள் இருக்கிறது. டாலஸில் இருக்கும் உறவினர் சொன்னதை வைத்து இங்கே எதையும் முடிவு செய்யாதீர்கள், நான் சொல்வதை வைத்து அங்கேயும் வேண்டாம்.

இங்கே இரண்டு சோதனை. ஒன்று பணம், இன்னொன்று உடல்நிலை. பணத்தில் மாத வருமானத்துக்கு ஒரு உச்சவரம்பு, 2025-இல் தனிநபருக்கு 2,901 டாலர். அதைத் தாண்டினாலும் ஒரு தனி ட்ரஸ்ட் கணக்கு வைத்து வழி செய்யலாம். அம்மாவுக்கு அப்பாவின் சோஷியல் செக்யூரிட்டியிலிருந்து (அரசு ஓய்வூதியம்) மாதம் 1,640 வந்தது, அதனால் அந்தக் கவலை எங்களுக்கு இல்லை. கையிருப்புதான் கழுத்தைப் பிடித்தது. அம்மா பெயரில் 2,000 டாலருக்கு மேல் இருக்கக்கூடாது. அம்மா குடியுரிமை பெற்றவர். கிரீன் கார்டு மட்டும் இருந்தால் பொதுவாக ஐந்து ஆண்டு முடிந்திருக்க வேண்டும், ஸ்பான்சர் செய்தவரின் வருமானமும் கேள்விக்கு வரலாம், அதைத் தனியாக விசாரியுங்கள்.

2024 ஏப்ரலில் கவுன்ட்டி (மாவட்டம் போன்றது) அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டேன். ஐந்து ஆண்டு வங்கிக் கணக்கு முழுதும் கேட்டார்கள். ஒவ்வொரு மாதமும், ஒவ்வொரு கணக்கும். இங்கே இருந்த கணக்கை இரண்டு வாரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அப்புறம் ஒரு கடிதம் வந்தது: அம்மாவின் வரிக் கணக்கில் இந்தியாவிலிருந்து வட்டி வந்ததாகக் காட்டியிருக்கிறீர்களே, அது எந்தக் கணக்கு? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவின் அலமாரியில், பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் அப்பாவின் பழைய கண்ணாடி, மடிப்பு விழுந்து கிழியப்போகும் ஃபிக்சட் டெபாசிட் ரசீது, கும்பகோணத்துக் கிளையின் பாஸ்புக். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து போட்டது. நாலரை லட்சம் ரூபாய், டாலரில் ஐந்தாயிரத்து முந்நூறுக்கு மேல். வரிக்காக வருடாவருடம் வட்டியை எழுதியவள் நான்தான், ஆனாலும் அது இங்கே 'சொத்து' என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊரில் இருக்கும் வீடு, நிலம், டெபாசிட், தபால் நிலையச் சேமிப்பு எல்லாமே கணக்கில் வரும். மறைத்தால் குற்றம். மறந்தாலும் அவர்களுக்கு அது மறைத்தது போலத்தான் தெரியும்.

அந்தக் கணக்கின் ஐந்தாண்டு விவரத்தை வாங்குவதற்குள் உயிர் போய்விட்டது. அப்பா பெயர் முதலில் இருந்ததால் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அம்மா நேரில் வர வேண்டும் என்றார்கள், வர முடியாதென்றால் பவர் ஆஃப் அட்டர்னி வேண்டும் என்றார்கள். இங்கே எழுதிய பவர் பத்திரத்தை நியூயார்க் துணைத் தூதரகம் வழியாக அத்தாட்சி வாங்கித் தம்பிக்கு அனுப்பினேன். அது இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும். தம்பி மூன்று முறை கும்பகோணம் போய் வந்தான். எல்லாம் கைக்கு வந்தபோது கவுன்ட்டி கொடுத்த கெடு தாண்டிவிட்டது. ஜூலையில், 'கேட்ட ஆவணம் தரவில்லை' என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அவகாசம் வேண்டுமென்றால் கெடு முடிவதற்குள் எழுத்தில் கேட்க வேண்டும் என்பதும், தள்ளுபடிக் கடிதம் வந்தால் இருபது நாளுக்குள் விசாரணை கேட்கலாம் என்பதும் எனக்குத் தெரியாது. போனில் கெஞ்சினேன், அழுதேன். போனில் சொன்னது எதுவும் கோப்பில் ஏறாது. அதற்கப்புறம் நான் அனுப்பிய ஒவ்வொரு தாளையும் ஃபேக்ஸ் ரசீதோடு அனுப்பி, அந்த ரசீதைத் தேதி போட்டு ஒட்டி வைத்தேன். பின்னால் அது இரண்டு முறை கைகொடுத்தது.

பவர் ஆஃப் அட்டர்னி பற்றி இன்னும் ஒன்று. அம்மாவுக்கு அப்போது தான் கையெழுத்துப் போடுவது என்ன என்று புரிந்தது, அதனால் பத்திரம் செல்லுபடியானது. மறதி முற்றியிருந்தால் நீதிமன்றத்துக்குப் போய் காப்பாளராக நியமனம் வாங்க வேண்டியிருக்கும். அது ஆயிரக்கணக்கில் செலவு, மாதக்கணக்கில் நேரம். இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். அமெரிக்காவுக்கு ஒன்று, இந்தியாவுக்கு ஒன்று, இரண்டையும் பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

ஆகஸ்டில்தான் முதியோர் சட்டம் பார்க்கும் வழக்கறிஞரிடம் போனேன். 4,500 டாலர். முதல் விண்ணப்பத்துக்கு முன்பே போயிருக்க வேண்டும். அவர் கணக்குகளைப் புரட்டிவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தார். 2021 நவம்பர். கும்பகோணத்து வீட்டை விற்று அம்மாவின் பங்காக முப்பது லட்சம் வந்திருந்தது. அதில் இருபத்தெட்டு லட்சத்தைத் தம்பிக்குக் கொடுத்தார் அம்மா, அவன் மகள் கல்யாணத்துக்கும் வாங்கப்போகும் ஃபிளாட்டுக்கும். "எனக்கு எதுக்குடி இனிமே பணம்" என்று சொல்லி, தாம்பூலத் தட்டில் செக்கை வைத்துக் கொடுத்தார். நான்தான் அதை போட்டோ எடுத்தேன். எங்கள் வீட்டில் அது ஆசீர்வாதம். மெடிகெய்டு கண்ணில் அது, ஐந்தாண்டுக்குள் விலையின்றிக் கைமாற்றிய சொத்து. அந்தத் தொகையை, மாநிலம் நிர்ணயித்த நர்சிங் ஹோம் ஒருநாள் செலவால் வகுத்து, வரும் நாட்களுக்கு உதவி கிடையாது என்பார்கள். எங்களுக்கு மூன்று மாதத்துக்குச் சற்று மேல் வந்தது. அந்த நாட்கள் பணம் கொடுத்த 2021-இலிருந்து ஓடாது. கையிருப்பும் உடல்நிலையும் மற்ற எல்லாமும் தகுதிக்கு வந்து, விண்ணப்பமும் போட்ட பிறகுதான் ஓடத் தொடங்கும். அதாவது கையில் ஒன்றும் இல்லாத நேரம் பார்த்து. இது எனக்கு நியாயமாகப் படவில்லை, இன்றும் படவில்லை.

கொடுத்த பணம் முழுதும் திரும்பி வந்தால் அந்தத் தடை நீங்கும். தம்பியிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று பல இரவு நினைத்திருக்கிறேன். "அக்கா, ஃபிளாட்டை வித்துத்தான் தரணும். தரட்டுமா?" என்றான். போனில் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த மூன்று மாத எய்டு செலவில் பாதியை அவன் அனுப்பினான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதை அவனிடம் சொல்ல எனக்கு ஒரு வருடம் ஆனது. அம்மா அப்பா பணத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க நினைத்தால், அவர்கள் அமெரிக்காவில் வாழ்பவர்கள் என்றால், முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ அம்மா மாதாமாதம் பணம் கொடுத்தாலும், முன்கூட்டி எழுதிய ஒப்பந்தம் இல்லாவிட்டால் அதுவும் அன்பளிப்பாகத்தான் பார்க்கப்படும்.

டெபாசிட் பணத்தை வரவழைத்து அம்மாவுக்காகவே செலவழித்தோம். அது அனுமதிக்கப்பட்ட வழி. காது கேட்கும் கருவி, படி ஏறாமல் நுழையும் ஷவர், சுவரில் பிடிமானக் கம்பிகள். மீதியை இறுதிச் சடங்குக்கென முன்பணமாக, திரும்ப எடுக்க முடியாத கணக்கில் போடச் சொன்னார் வழக்கறிஞர். அது கையிருப்பில் சேராது. அம்மா பக்கத்து அறையில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் அவருடைய தகனத்துக்கான படிவத்தை நிரப்பினேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை.

செப்டம்பரில் இரண்டாவது விண்ணப்பம். அக்டோபரில் உடல்நிலைச் சோதனைக்கு ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்தார். குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை, நடப்பது, உண்பது போன்ற அன்றாட வேலைகளில் மூன்றிலாவது பிறர் உதவி வேண்டும், அல்லது மறதியால் கூடவே இருந்து சொல்லிச் சொல்லிச் செய்ய வைக்க வேண்டும். அம்மாவுக்கு எல்லாமே வேண்டியிருந்தது. ஆனால் விருந்தாளி வருகிறார் என்று அம்மா காலையிலேயே என்னை எழுப்பித் தலை பின்னச் சொல்லி, மாம்பழக் கலர் காட்டன் புடவை கட்டச் சொல்லி, திருநீறு பூசி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "நீங்களே குளிப்பீர்களா?" "ஓ, நானே குளிப்பேன்." "உடை?" "நானே. என் பொண்ணுக்கு ஏற்கெனவே ஆயிரம் வேலை." வந்தவருக்குக் காபி கொடுக்கவில்லையே என்று என்னைப் பார்த்து முறைத்தார். நான் குறுக்கே பேசவில்லை. அந்நியர் முன்னால் அம்மாவை மறுத்து, இல்லை, கழிப்பறைக்கும் நான்தான் கூட்டிப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? தகுதி இல்லை என்று கடிதம் வந்தது.

டிசம்பரில் மறு சோதனை. இந்த முறை இரண்டு வாரம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தேன்: இரவு 2.10, எழுப்பிக் கழிப்பறை. காலை 7, பிளவுஸைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு அழுதார். அடுப்பை அணைக்க மறந்தது இரண்டு முறை. எய்டு எழுதிய குறிப்பும், ஞாபகத்துக்கான பரிசோதனை முடிவோடு டாக்டரின் கடிதமும் சேர்த்தேன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்பே கேட்டேன், இலவசமாகவே போனில் ஏற்பாடு செய்தார்கள். நாம் மொழிபெயர்த்தால் நம் வெட்கமும் சேர்ந்து மொழிபெயர்ந்துவிடும். நர்ஸிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு, வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல நாளில் அம்மா எப்படி இருப்பார் என்று சொல்லாதீர்கள், மோசமான நாளில் எப்படி இருப்பார் என்று சொல்லுங்கள். உள்ளதைச் சொல்வதுதான் அது. தகுதி கிடைத்தது.

ஜனவரியில் தொடங்கிய அந்தத் தடைக்காலம் ஏப்ரலில் முடிந்தது. 2025 மே முதல் தேதி உதவி தொடங்கியது. அதற்கு முன் செலவான எய்டு சம்பளம் எதையும் திரும்பக் கேட்க முடியாது. மொத்தம் 49,000 டாலர் போல ஆகியிருந்தது, அதில் ஏறக்குறைய ஒன்பது மாதச் செலவு நாங்கள் விட்ட பிழைகளுக்குக் கொடுத்தது. இப்போது வாரத்தில் சில நாள் பகல்நேர மையம், சைவச் சாப்பாடு, வேன் வந்து கூட்டிப் போகிறது. துளசிமாலைக்குப் பக்கத்தில் ஆபத்துக்கு அழுத்தும் பட்டன் தொங்குகிறது. எய்டு நேரத்தை ஏஜென்சிக்குக் கொடுக்காமல், பர்சனல் பிரெஃபரன்ஸ் என்ற திட்டத்தில் நாமே ஆள் வைத்துக்கொள்ளலாம். சொந்தக்காரர்களையும் வைக்கலாம், ஆனால் அம்மாவின் பிரதிநிதியாகக் கையெழுத்துப் போடுகிறவர் தானே அந்தச் சம்பளம் வாங்க முடியாது. நான் பிரதிநிதி என்பதால் எங்கள் குடியிருப்பிலேயே இருக்கும் ஒரு மதுரைக்கார அம்மாவை வைத்தோம். ரசம் வைக்கத் தெரிந்த எய்டு கிடைத்ததில் அம்மாவுக்கு இரண்டு கிலோ கூடியிருக்கிறது. முதியோர் விடுதி மாதிரியான இடத்துக்குப் போவதாக இருந்தால், பராமரிப்புக்குத்தான் மெடிகெய்டு பணம் தரும், அறை வாடகையும் சாப்பாடும் அவர் வருமானத்திலிருந்து போகும், அதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வருடாவருடம் இதைப் புதுப்பிக்க வேண்டும். கையிருப்பு 2,000-ஐத் தாண்டாமல் மாதாமாதம் நான் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் தம்பி மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொள்ளுப்பேத்தி. அம்மா என்னைக் கூப்பிட்டு, "என் கணக்குலேருந்து ஒரு கால் பவுனாவது எடுத்து அனுப்புடி" என்றார். முடியாது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. என் பணத்தில் ஒரு ஜோடித் தோடு வாங்கி, அட்டையில் அம்மாவின் கையாலேயே 'கொள்ளுப்பாட்டி' என்று எழுத வைத்து அனுப்பினேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது. மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டு, முதலில் எழுதியதையே அனுப்பச் சொன்னார்.